நாலு மூடை நெல்லுச் சாப்பாடு

நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் யாரும் வீட்டில் படுப்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் காவல் கொட்டில்தான் வீடு, காட்டு யானையைக் கலைக்கிற யானைவெடிதான் தலையணை. போன கிழமை அப்படி ஒரு இரவு அப்பாவும் மாமாவும் காவலுக்குக் கிளம்பினார்கள், நானும் தொற்றிக்கொண்டு போனேன். மாமா இத்தாலியில் பலேர்மோவில் இருக்கிற மகனிடம் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவர் அப்பாவின் அக்காவைக் கட்டியவர், ஆகவே கீழே அத்தான் என்று வருவது மாமா, மச்சான் என்று வருவது என் அப்பா. நான் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தேன், ஏனென்றால் நான் முழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் இரண்டு பேரும் உரவிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

(அப்பா பார்சலை அவிழ்க்கிறார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, செத்தல் மிளகாய்ச் சம்பல், போத்தலில் வெறுந்தேத்தண்ணி, கடதாசியில் மடித்த பனங்கட்டி.)

மச்சான்: சாப்பிடுங்கோ அத்தான். இத்தாலியில் தின்ற வாய்க்கு இது இறங்குமோ தெரியாது.

அத்தான்: சும்மா இரு. அங்கே ஒரே ஒரு நாள்தான் கடையில் சாப்பிட்டேன். மற்ற நாள் முழுக்க உன் அக்கா மகன் வீட்டிலும் புட்டுத்தான் அவித்தாள்.

மச்சான்: அந்த ஒரு நாளைத்தான் கேட்கிறேன். கலியாண நாள், பெரிய ஹோட்டல் என்று அக்கா ஃபோனில் சொன்னா.

அத்தான்: பெரிய ஹோட்டல் இல்லை, சின்னது. நாற்பதாவது கலியாண நாள் என்று மகன் ஒழுங்கு பண்ணினான். பிஸ்த்ரோ என்றான். இன்ரிமேற்றான இடம், எலிகன்டான இடம், நல்ல சேர்ட் போடுங்கோ அப்பா என்றான்.

மச்சான்: இன்ரிமேற் என்றால்?

அத்தான்: நெருக்கம்.

மச்சான்: நெருக்கத்துக்கு ஏன் அவ்வளவு தூரம்? காலமை ஒட்டுசுட்டானில் நின்று முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினால் போதாதா?

அத்தான்: அந்த நெருக்கம் இல்லையடா. ஆறே ஆறு மேசை. வீட்டு விறாந்தை அளவு இடம். பெரிய தெருவுக்குள் சின்னத் தெரு, அதற்குள் ஒரு ஒழுங்கை, நிமிர்ந்து பார்த்தால் மாடிக்கு மாடி உடுப்புக் காய்கிறது, அதற்குக் கீழே கடை. உள்ளே ஒரு கிழவி சமைக்கிறா, மகன் பரிமாறுகிறான். மேசையில் வெள்ளைச் சீலை, நடுவில் ஒரு மெழுகுதிரி.

மச்சான்: கரண்ட் கட்டோ?

அத்தான்: உன் அக்காவும் அதைத்தான் கேட்டாள். வேண்டுமென்றே லைற்றைக் குறைக்கிறார்களாம். அதுதான் எலிகன்டாம்.

மச்சான்: அட பாவிகளே. சண்டைக்காலத்தில் தொண்ணூறிலிருந்து மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெயை விட்டு அந்த மினுக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டோமே, வாயில் கடிபடுகிறது கல்லா மிளகா என்று தெரியாமல் விழுங்கினோமே, ஒருத்தனாவது எலிகன்ட் என்று சொன்னானா?

அத்தான்: நாங்கள் காசு வாங்க மறந்துபோனோம் மச்சான்.

மச்சான்: சரி, எத்தனை மணிக்குப் போனீர்கள்?

அத்தான்: மகன் எட்டரை என்றான். எட்டரை எனக்கு முதல் நித்திரை முடிகிற நேரம். நான் நச்சரித்து ஏழு மணிக்கே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். கடை பூட்டு. அங்கே எட்டு மணிக்கு முன்னால் இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறவன் ஒன்றில் வெளிநாட்டுக்காரன், இல்லாவிட்டால் வருத்தக்காரனாம். உன் அக்கா சந்தன நிறப் பட்டுக் கட்டி, தலைக்கு ஒரு முழம் பிளாஸ்ரிக் மல்லிகையும் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நிற்கிறாள், போற வாற சனம் ஏதோ திருவிழா என்று நினைத்து அவளுக்குக் கை காட்டுகிறது.

மச்சான்: அவவும் திருப்பிக் காட்டியிருப்பா.

அத்தான்: காட்டினாள். ஒரு மணித்தியாலம் காட்டினாள்.

(மாமா ஒரு ரொட்டியை நாலாய் மடித்துச் சம்பலில் தொடுகிறார். இத்தாலி போய் வந்த கைக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.)

அத்தான்: உள்ளே போய் இருந்தோம். இருந்தவுடனே ஆளுக்கு 2 யூரோ.

மச்சான்: எதற்கு?

அத்தான்: இருந்ததற்கு.

மச்சான்: கதிரை வாடகையோ?

அத்தான்: கொப்பேர்த்தோ என்று பெயர். மேசைச் சீலை, முள்ளுக்கரண்டி, பாண் எல்லாம் அதற்குள். ஒளிக்கவில்லை, விலைப்பட்டியலில் அடியில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அது கொடுத்தால் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லையாம்.

மச்சான்: கலியாண வீட்டில் பந்திப்பாய்க்குக் காசு வாங்கின மாதிரி. பாண் எவ்வளவு வைத்தார்கள்?

அத்தான்: கூடை நிறைய. காசு கொடுத்த சாமான்தானே என்று அரைக் கூடையை நானே தின்றுவிட்டேன். அங்கேதான் பிழைத்தது. பிறகு அன்ரிப்பாஸ்தோ வந்தது.

மச்சான்: ஆற்ற அன்ரி?

அத்தான்: ஒரு அன்ரியும் இல்லை. அன்ரி என்றால் அவர்கள் பாஷையில் முன்னுக்கு, பாஸ்தோ என்றால் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் வருகிற சாப்பாடு.

மச்சான்: அப்ப அது இரண்டு சாப்பாடு.

அத்தான்: நாலு. பொறு. முதலில் கப்பொனாத்தா என்று ஒன்று வைத்தான். கத்தரிக்காயைத் துண்டு துண்டாய் வெட்டிப் பொரித்து, செலரியும் ஒலிவ் காயும் போட்டு, வினாகிரியும் சீனியும் விட்டுப் பிரட்டியிருக்கிறார்கள். உன் அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இது மோஜு என்றாள்.

மச்சான்: புரியாணிக்கு வைக்கிற கத்தரிக்காய் மோஜுவோ?

அத்தான்: அச்சொட்டு. புளிப்பும் இனிப்பும் அதே. 9 யூரோ. அவள் அதற்குப் பிறகு விலைப்பட்டியலை மூடிவிட்டுக் கும்பிட்டாள், இதற்குமேல் பார்த்தால் சாப்பாடு இறங்காது என்று. அடுத்தது பனெல்லே. கடலைமாவைக் கரைத்துக் களியாய்க் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாய்த் துண்டு போட்டுப் பொரிக்கிறது, மேலே தேசிக்காய் பிழிகிறது. பலேர்மோவில் அதைப் பாணுக்குள் வைத்துத் தெருத்தெருவாய் விற்கிறார்கள். உள்ளே மெத்தென்று நல்லாய்த்தான் இருந்தது. உன் அக்கா என்ன சொன்னாள்? மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் போட மறந்துபோனார்கள், பாவம், வேலை கூட போல என்று சொல்லிக் கைப்பையைத் திறந்தாள்.

மச்சான்: ஐயோ.

அத்தான்: இருமல் மருந்துப் போத்தலில் மிளகாய்த்தூள். மேசைக்குக் கீழே வைத்து மூடியைத் திருகி, ஒருத்தரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தூவினாள். மூன்று மேசையில் தும்மினார்கள்.

மச்சான்: அதுதான் இன்ரிமேற்.

அத்தான்: அதுதான். பரிமாறுகிற பெடியன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். மகன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு இருந்தான், பிறகு கொஞ்சம் சமாளித்து, தக்காளியே இவர்களுடைய சாமான் இல்லை அம்மா, கொலம்பஸ் போன பிறகுதான் அமெரிக்காவிலிருந்து வந்தது, மிளகாயும் அங்கே இருந்துதான், எங்களுக்குப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினான்.

மச்சான்: அப்ப இந்தச் சம்பல் போர்த்துக்கேயனுடையதோ?

அத்தான்: நல்லூர்க் கோயிலை இடித்ததற்கு நட்டஈடு என்று நினைத்துச் சாப்பிடு.

(அப்பா சம்பலைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிடக் கூட அள்ளினார்.)

அத்தான்: அது முடிய பிறீமோ. முதலாவது என்று அர்த்தம்.

மச்சான்: இவ்வளவு நேரமும் தின்றது?

அத்தான்: அது கணக்கில் இல்லை. எனக்குச் சாளை மீன் போட்ட பாஸ்தா. முள் எடுத்த சாளை, ஏதோ காட்டுப் பெருஞ்சீரக இலை, அதற்குள் முந்திரிகை வற்றல்.

மச்சான்: மீனுக்குள் முந்திரிகை வற்றலா? பாயசத்துக்குள் சாளை விழுந்துபோச்சோ?

அத்தான்: நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது சிசிலியின் பேர் போன சாப்பாடு, ருசியும் பிழையில்லை. பாஸ்தாதான் வேகவில்லை. நடுவில் நறுக்கென்று நிற்கிறது. மகனிடம் சொன்னால் அல்தெந்தே என்கிறான். பல்லுக்கு என்று அர்த்தமாம், பல்லில் கடிபட வேண்டுமாம்.

மச்சான்: எந்தப் பல்லில்? உங்களுக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல்லெல்லோ?

அத்தான்: அதைத்தான் சொன்னேன். அவர்கள் பல்லுக்கு அவித்தது காணும், என் செற்றுக்கு இன்னொரு கொதி விடச் சொல்லடா என்று. அவன் கேட்க மாட்டேன் என்றுவிட்டான். சரி, சீஸாவது தாருங்கோ என்று நானே பெடியனிடம் கை காட்டிக் கேட்டேன். பெடியனின் முகம் கறுத்துப்போச்சு. மீன் பாஸ்தாவுக்குச் சீஸ் போடவே கூடாதாம். நான் ஏதோ செருப்போடு மூலஸ்தானத்துக்குள் போன மாதிரி நிற்கிறான்.

மச்சான்: அக்காவுக்கு என்ன?

அத்தான்: அதுதான் கதை. கணவாய் மை.

மச்சான்: மையா?

அத்தான்: கணவாய்க்குள் கறுப்புப் பை இருக்கும் பார், அது. அதைக் கரைத்துக் குழம்பாக்கி ஸ்பெகற்றியைப் பிரட்டி, தார் போட்ட றோட்டு மாதிரி ஒரு கோப்பை.

மச்சான்: அது கழுவி ஊற்றுகிறதெல்லோ? முல்லைத்தீவில் கணவாய் வாங்கிக்கொண்டு வந்தால் முதல் வேலை அந்தப் பையை உடையாமல் பிடுங்கி எறிகிறதுதானே. உடைத்தால் அம்மா அகப்பையோடு வருவா.

அத்தான்: அங்கே உடையாமல் பிடுங்கிச் சட்டிக்குள் போடுகிறார்கள். 14 யூரோ.

மச்சான்: எத்தனை பரம்பரைச் சொத்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றியிருக்கிறோம்!

அத்தான்: உன் அக்கா முதலில் தொடவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளி வாசம் இழுத்திருக்க வேண்டும், ஒரு வாய் வைத்தாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை. மகன் முள்ளுக்கரண்டியில் எப்படிச் சுற்றுகிறது என்று காட்டிக் கொடுக்கிறான், அவள் ராட்டை சுற்றுகிற மாதிரிச் சுற்றுகிறாள். முடித்து வாயைத் துடைத்துவிட்டு, நல்லாய் இருக்கு அப்பா என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மச்சான், பல்லு முழுக்கக் கறுப்பு. நாக்குக் கறுப்பு. கடைவாயில் ஒரு கோடு இறங்கி நாடி வரைக்கும் நிற்கிறது. கீழே இருந்து மெழுகுதிரி வெளிச்சம் வேறு.

மச்சான்: பத்திரகாளி.

அத்தான்: நான் சொல்லவில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினவன் அதைச் சொல்ல மாட்டான். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, எங்கள் வயதுதான், தன் கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்து நீட்டினா. உன் அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தக் கிழவியும் தன் பல்லைக் காட்டினா, அவவுக்கும் அதே கறுப்பு. ஒருத்திக்கு ஒருத்தியின் பாஷை தெரியாது, இரண்டு பேரும் பல்லைக் காட்டிக் காட்டி மேசையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள், கண்ணால் தண்ணி ஓடுகிறது. இவள் இப்படிச் சிரித்து நான் கடைசியாக எப்போது கண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

(இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரொட்டி பிய்க்கிற சத்தம் மட்டும். எங்கள் வீட்டில் அந்த வருஷங்களைப் பற்றி இதற்குமேல் யாரும் சொல்வதில்லை.)

மச்சான்: சேலையில் ஊற்றவில்லையே?

அத்தான்: ஊற்றிவிட்டாள். முந்தானையில் ஒரு பொட்டு. வெளிச்சம் போதாதபடியால் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அதற்குத்தான் போலக்கிடக்கு லைற்றைக் குறைக்கிறது.

மச்சான்: பிறகு?

அத்தான்: பிறகு செக்கொண்டோ. இரண்டாவது. தளப்பத்து மாதிரி ஒரு மீனைச் சுருட்டிச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் எங்கே இடம்? அரைக் கூடை பாண் உள்ளே ஊதிக்கொண்டு கிடக்கிறது. உன் அக்கா பார்சல் கட்டச் சொல்லி அடுத்த நாள் அதைப் பிய்த்துத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள். அந்தக் கிழவி கேள்விப்பட்டால் கடையைப் பூட்டியிருப்பா.

மச்சான்: நாலாவது?

அத்தான்: தொல்ச்சே.

மச்சான்: தொல்லையோ?

அத்தான்: இனிப்பு. வேண்டாம் என்றுதான் சொன்னோம், காசு ஏறுகிறதே என்று. ஆனால் அங்கே சுவரில் ரொசாலியா அம்மாளின் படம் இருந்தது. அவதான் பலேர்மோவின் காவல் தெய்வம். 1624இல் கொள்ளை நோய் வந்தபோது அவவின் எலும்பைக் கண்டெடுத்து ஊர்வலமாய்க் கொண்டுபோக நோய் நின்றது என்று நம்புகிறார்கள். எங்கள் சனம், சைவக்காரரும்தான், அந்த மலைக் கோயிலுக்கு ஏறிப் போய்க் கும்பிடுகிறார்கள். நாங்களும் போனோம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்பாட்டாமல் வாகனம் போகாதது மாதிரி என்று வைத்துக்கொள்.

மச்சான்: முறிகண்டியில் மாதிரிக் கச்சான் விற்கிறார்களோ?

அத்தான்: கச்சான் இல்லை. உன் அக்கா எழும்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படத்துக்கு முன் போய்க் கும்பிட்டாள். கறுத்த பல்லோடு. குசினிக் கிழவி எட்டிப் பார்த்தா, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தா, இவளைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினா, பிறகு ஒரு தட்டு கண்ணோலி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றுவிட்டா. மொறுமொறு என்று ஒரு குழல், உள்ளே ஆட்டுப்பால் தயிர்க்கட்டி மாதிரி ஒன்று, சீனி போட்டு அடித்தது.

மச்சான்: அக்கா போகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளுவா.

அத்தான்: அந்தச் சந்தோசத்தில் நான் ஒரு கப்புச்சினோ கேட்டேன். மகன் காலில் உதைத்தான். பால் கோப்பி காலமை மட்டும்தானாம், சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிறவன் மனுஷன் இல்லையாம். கடைசியில் கோயில் தீர்த்தம் அளவு கறுப்புக் கோப்பி தந்தார்கள். விடியுமட்டும் நித்திரை இல்லை.

மச்சான்: எல்லாம் சேர்த்து எவ்வளவு?

அத்தான்: நாலு பேருக்கு 96 யூரோ.

மச்சான்: பொறுங்கோ. (விரலை மடக்குகிறார்.) யூரோ முந்நூற்று நாற்பது என்று வைத்தாலும் முப்பதாயிரத்துக்கு மேல். ஒரு மூடை ஏழாயிரத்து ஐந்நூறு என்று போனால்... நாலு மூடை நெல்! நாலு மூடையை ஒரு இரவில் தின்றுவிட்டு, வேகவில்லை என்று வேறு குறை சொல்கிறீர்கள்.

அத்தான்: உனக்கு வேண்டிய கதை ஒன்று இருக்கு. எருமைப்பால்.

மச்சான்: என்ன எருமைப்பால்?

அத்தான்: மொசரெல்லா என்று ஒரு சீஸ். நாப்போலிப் பக்கத்தில் எருமைப்பாலில் செய்கிறது. பாலை உறைய வைத்து, கொதிதண்ணியில் போட்டு மா மாதிரி இழுத்து, உருண்டையாய்க் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறார்கள். மாட்டுப்பாலில் செய்ததைவிட அதற்குத்தான் விலை.

(அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களிடம் பதினொரு எருமை இருக்கிறது.)

மச்சான்: நான் சட்டித் தயிரைக் கொண்டுபோய்ச் சந்தியில் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். அத்தான், நாங்களும் ஆறு மேசை போட்டால் என்ன? கணவாய் மை முல்லைத்தீவில் சும்மா கிடைக்கும். கத்தரிக்காய் வீட்டில். மெழுகுதிரியும் தேவையில்லை, இங்கே கரண்ட் தானாகப் போகும்.

அத்தான்: அங்கே எருமை பட்டியில் நின்று பால் தருகிறது. உன் எருமை காட்டுக்குள் போனால் மூன்று நாளைக்கு ஒருக்கால் முகம் காட்டுகிறது. வருகிறவனை அன்ரிப்பாஸ்தோவோடு மூன்று நாள் இருத்தி வைப்பாயோ?

மச்சான்: கொப்பேர்த்தோ நாளுக்கு நாள் ஏறுமே.

(சொல்லிக்கொண்டே கடைசி ரொட்டித் துண்டால் சம்பல் கடதாசியை ஒரு மூலை விடாமல் வழிக்கிறார்.)

அத்தான்: இதற்கும் அங்கே ஒரு பெயர் இருக்கு. பாணால் கோப்பையை வழிக்கிறதுக்கு ஸ்கார்ப்பெத்தா. சின்னச் சப்பாத்து என்று அர்த்தம்.

மச்சான்: நாங்கள் நக்குகிறது என்கிறோம். ஸ்ஸ்... சத்தம் போடாதீங்கோ.

(வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சடசடவென்று ஏதோ முறிகிறது. அப்பா ரோச்சை அணைக்கிறார். இருட்டு. நான் சாக்குக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.)

அத்தான்: எங்கே?

மச்சான்: பக்கத்துக் காணி வாழை. தனியன் யானை.

அத்தான்: வாழையோடு போய்விடும் என்கிறாயா?

மச்சான்: வாழை அன்ரிப்பாஸ்தோ அத்தான். அது கணக்கில் இல்லை. பிறீமோவுக்கு இங்கேதான் வருவார்.

அத்தான்: வெடியை எடு.

மச்சான்: (என் சாக்கைப் பிடித்து இழுத்து) டேய், நித்திரை மாதிரி நடித்தது காணும், எழும்பு. நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு வா, அவருக்குப் பில்லைக் கொடுப்போம்.